இரண்டாவது முடிச்சு

பொழிச்சலூரில் விமானம் தலைக்கு மேல் போகும்போது, பேசிக்கொண்டிருப்பவர்கள் வார்த்தையைப் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை. ஏகநாதனும் சாவித்ரியும் தங்கள் சண்டைகளையே அப்படித்தான் போட்டு வந்தார்கள். பல சமயம் விமானம் கடந்து போவதற்குள் கோபம் பாதி ஆறியிருக்கும்.

ஏகநாதனின் அப்பா காலத்தில் அவர்களுக்கு அடையாற்றுப் பக்கம் கத்தரியும் வெண்டையும் போட்ட நிலம் இருந்தது. அது மனைகளாகிப் போன பிறகு மிஞ்சியது வீடும், தெருவைப் பார்த்த முன்னறையும்தான். முன்னறை ஸ்டூடியோவாயிற்று. பாஸ்போர்ட் போட்டோ, பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் போட்டோ எல்லாம் எடுத்தாலும் அவருக்குப் பெயர் கல்யாணத்தில்தான். பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை, தாம்பரம் வரைக்கும் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் முண்டமாட்டார், யாரையும் அதட்டமாட்டார், ஆனால் தாலி கட்டும் நொடியைத் தவறவிடமாட்டார் என்பது ஊர்ப்பேச்சு.

அவருடைய கேமரா கறுப்பாக, முரடாக இருக்கும். மகள் தமிழினியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம் வாங்கியது. தமிழினி இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். பிடிக்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. பெரிய லென்ஸை மாட்டித் தூக்கினால் கைக்குழந்தையைத் தூக்குகிற கனம் கனக்கும். மழையில் நனைந்திருக்கிறது, சந்தனம் தெளித்திருக்கிறார்கள், ஒரு முறை பந்தியில் ரசம்கூடக் கொட்டியிருக்கிறது. பட்டனைத் தொட்டால் 'சடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

லைட் பிடிப்பது சாவித்ரி. நீளமான கம்பின் நுனியில் ஃபிளாஷைக் கட்டி, அவர் நிற்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய் நின்றுகொள்வாள். அவர் கேமராவை அழுத்தினால் இவள் கையில் இருக்கும் லைட் தானாக மின்னும். எங்கே நிற்க வேண்டும் என்று அவர் வாயால் சொல்வதில்லை. புருவத்தைக் கொஞ்சம் தூக்கினால் இடம் மாறவேண்டும் என்று அர்த்தம். ஆல்பத்தில் போட்டோகிராபரின் பெயர் இருக்கும். லைட் பிடித்தவள் பெயரை யாரும் போடுவதில்லை, அவளும் அதை நினைத்ததில்லை.

போன கோடையில் அவருடைய வலது தோள் இறுக ஆரம்பித்தது. அவர் சொல்லவில்லை. சாவித்ரியாகத்தான் கவனித்தாள். சட்டை போடும்போது முதலில் வலது கையை நுழைத்துக்கொண்டு, பிறகு மீதிச் சட்டையை இழுத்துப் போட்டார். தலையை இடது கையால் வாரினார். அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஊறுகாய் ஜாடியை "நீயே எடுத்துக்க" என்றார்.

"கைக்கு என்ன?"

"தூக்கத்துல புரண்டு படுத்திருப்பேன்."

"தினமுமா புரண்டு படுக்கறீங்க?"

ராத்திரியில் தைல வாசனை மட்டும் வந்தது.

அந்த ஆடியில்தான் சாவித்ரியின் தம்பி பாலு வந்தான். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. லீவில் வரும்போதெல்லாம் எதையாவது தூக்கிக்கொண்டு வருவான். இந்தத் தடவை மாமாவுக்கென்று கொண்டுவந்தது ஒரு சின்ன டீ டம்ளர் அளவுக்குக் கறுப்பாக, உருண்டையாக இருந்தது.

"லென்ஸ் மட்டும் இருக்கு. கேமரா எங்கடா?" என்றார் ஏகநாதன்.

"இதான் மாமா கேமரா. இதுக்கு உடம்பு கிடையாது. போன் முதுகுல கவ்விக்கும். போன்தான் ஸ்கிரீன். கழட்டித் தனியாவும் பிடிக்கலாம், இது ஒரு கைல, போன் ஒரு கைல."

"எடு பாப்போம்."

பாலு போனைத் தட்டினான். அது இணைவதற்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு விமானம் வந்து போயிற்று. ஒருவழியாக மாமாவின் முகம் திரையில் தெரிந்தது. அழுத்தினான். ஏகநாதன் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"நீ அழுத்தினப்புறம் நான் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தேன்டா. மூடின கண்ணுதான் விழுந்திருக்கு."

"கொஞ்சம் லேட்டாத்தான் எடுக்கும் மாமா."

"பேட்டரி எத்தனை நேரம் நிக்கும்?"

"ஒரு மணி நேரம் தாங்கும்."

"மாப்பிள்ளை அழைப்பே அதுக்குள்ள முடியாது. வெயில்ல போன் ஸ்கிரீன் தெரியுமா?"

"தெரியாதுதான். ஆனா வெயிட்டே இல்ல பாருங்க மாமா, சட்டைப் பையில போட்டுக்கலாம். உங்களுக்கு இப்ப..."

"வெயிட்டப் பத்தி யாருடா பேசினது?"

பாலு அக்காவைப் பார்த்தான். சாவித்ரி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏகநாதன் அந்த உருண்டையை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

அவன் கப்பலுக்குத் திரும்பிய பிறகு சாவித்ரி அதை எடுத்தாள். முதலில் துடைத்து வைக்கத்தான் எடுத்தாள். பிறகு சமையலறையில் வைத்து எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். உலைப் பானைக்கு மேலே லென்ஸை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கீழே இன்னொரு கையில் இருந்த போனில் கொதிக்கிற அரிசியைப் பார்த்தாள். இருட்டுக்குள் படம் புள்ளி புள்ளியாக வந்தது. வாசலுக்கு வந்தால் திரை வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. நடுவில் இணைப்பு அறுந்துபோகும். இதையெல்லாம் அவர் சொன்னபோது சரியாகத்தான் சொன்னார் என்று அவளுக்குப் பட்டது.

ஆனால் ஒன்று இருந்தது. அவர் அந்தப் பெரிய கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் எதிரில் இருப்பவர்கள் பரீட்சை எழுதப் போகிறவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். சேலையைச் சரி செய்வார்கள், வயிற்றை எக்குவார்கள். இதை யாரும் கேமரா என்றே நினைக்கவில்லை.

அங்காளம்மாளும் நினைக்கவில்லை. உத்தண்டி தாண்டிய ஒரு குப்பத்திலிருந்து, இன்னும் சில பெண்களோடு லோடு ஆட்டோவில் மீன் ஏற்றிக்கொண்டு வருவாள். இந்தத் தெருவில் சாவித்ரி வீட்டு வாசல்தான் அவள் முதலில் கூடையை இறக்குகிற இடம். அரிவாள்மணையில் குந்திக்கொண்டு சங்கராவைச் செதில் சீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னாக்கா அது கைல, டார்ச்சா?"

"கேமரா."

"போக்கா, உனக்கு எப்பவும் தமாஷு."

அந்தச் சிரிப்பு அப்படியே விழுந்திருந்தது. காட்டியபோது அங்காளம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"அய்ய, நானா இது? பல்லக் காட்டிகினு கீறேன்! எம்புருசன் செத்தப்புறம் இப்டி ஒரு போட்டோ எனக்கு இல்லக்கா. ரேஷன் கார்டுல எல்லாம் பொணமாட்டம்தான் கீறேன்." இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "தோ பாரு, ஆவணில எம்புள்ள மகேசுக்குக் கண்ணாலம். அண்ணாதான் போட்டோ புடிக்கணும். வீடியோ கீடியோ எல்லாம் வாணாம், அந்த பேஜாரே வாணாம். நீயும் இத்த எட்த்துகினு வா, எனக்குன்னு நாலு புடி."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே இருவரும் குப்பத்துக்குப் போய்விட்டார்கள். மேடவாக்கம் வழியாக ஆட்டோவில் போகையில், பள்ளிக்கரணைச் சதுப்பின் மேல் வானம் மப்பாகக் கிடந்தது. காற்றே இல்லை. கடற்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். கரையேற்றிய படகுகள், குவித்த வலைகள், கருவாட்டு வாடை, அதற்கு நடுவே மல்லிகைப்பூ மூட்டை. பெண் சத்யப்ரியா கோவளத்துப் பக்கம். மேடையில் வெட்கப்படாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

வரவேற்பில் குடும்பம் குடும்பமாக மேடை ஏறினார்கள். படகுச் சொந்தக்காரர்கள், ஏலம் கூறுகிறவர்கள், ஐஸ் கம்பெனிக்காரர், மீன் விற்கிற பெண்கள் எல்லோரும் தனித்தனியாக, பிறகு சேர்ந்து, பிறகு குழந்தையை விட்டுவிட்டோம் என்று மறுபடியும். ஒவ்வொரு தடவையும் ஏகநாதன் கேமராவைத் தூக்கினார். உப்புக் காற்றில் லென்ஸ் பிசுபிசுத்தது. ஒவ்வொரு தடவையும் இறக்கிவைத்துத் துடைத்து மறுபடி தூக்கினார். சாவித்ரி எதிர்ப்பக்கத்தில் லைட்டோடு நின்று, அவர் முழங்கை போகப்போகத் தாழ்ந்துகொண்டே வருவதைப் பார்த்தாள்.

சாப்பாட்டில் இறால் தொக்கும் வஞ்சிரம் வறுவலும் போட்டார்கள். ஏகநாதன் ஸ்பூன் கேட்டு வாங்கி இடது கையால் சாப்பிட்டார்.

"இன்னா சார், கை ரொம்ப சுத்தமா?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்டார்.

"கேமராவைத் தொடணும்ல," என்றார்.

காலையில் முகூர்த்தம். கடலுக்கு மேலே சூரியன் முழுதாக வரவில்லை. அம்மன் கோயில் முன்னால் தென்னங்கீற்றுப் பந்தலில் மணவறை. ஏகநாதன் ஒரு பக்கம் கம்பத்தை ஒட்டி நின்றார். அவருக்கு எதிரே, மணமக்களுக்கு மறுபக்கம் சாவித்ரி, இடது கையில் லைட் கம்பு. வலது கையில் போன், அதன் முதுகில் அந்த உருண்டை. அங்காளம்மாள் கேட்டாளே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் எடுத்திருந்தாள். காரணம் அது மட்டுமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கெட்டிமேளம் கொட்டியது. மகேஷ் மஞ்சள் கயிற்றை எடுத்துச் சத்யப்ரியாவின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனான். அட்சதை பறந்தது. முதல் முடிச்சு விழும்போது சாவித்ரி போனை அழுத்தினாள். அழுத்தின பிறகுதான் அவளுக்கு உறைத்தது, தன் இடது கையில் இருந்த லைட் மின்னவேயில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். ஏகநாதனின் கேமரா மார்பு வரைக்கும் வந்து அதற்கு மேல் வராமல் நின்றது. இடது கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார். லென்ஸ் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்தது, லைட் ஒரு தரம் வீணாக மின்னியது. மகேஷின் தங்கை சுஜி குனிந்து மூன்றாவது முடிச்சைப் போட்டாள். மேளம் நின்றது.

பிறகு அவர் கேமராவை இடது கையில் தாங்கி, கம்பத்தில் முதுகைச் சாய்த்து, குங்குமம் வைப்பதையும் அக்கினி சுற்றுவதையும் எடுத்தார். லைட் ஒழுங்காக மின்னியது. திரும்பி வரும்போது ஆட்டோவில் கேமராப் பை சாவித்ரியின் மடியில் இருந்தது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, அவர் குளிக்கப் போன நேரத்தில்தான் சாவித்ரி போனைப் பார்த்தாள். முதல் முடிச்சுக்கு அழுத்தியது. விழுந்திருந்தது இரண்டாவது முடிச்சு. மகேஷின் விரல்கள், மஞ்சள் கயிறு, குனிந்த சத்யப்ரியாவின் கழுத்தில் ஒரு துளி வியர்வை, பறக்கும் அரிசி. இருவருக்கும் நடுவே, பின்னால், கம்பத்தை ஒட்டி ஏகநாதன். பாதியில் நின்ற கேமரா. பல்லைக் கடித்து, கண்ணை இடுக்கி, தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் முகம். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. அவர் வலியை வைத்துக்கொண்டிருந்த இடம் அதுதான் போலிருந்தது. போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாளிலிருந்து அங்காளம்மாள் கூடையை இறக்கும்போதெல்லாம் கேட்டாள்.

"ண்ணா, ஆல்பம் இன்னா ஆச்சு? புள்ளைங்க கேட்டுகினே கீதுங்க."

"லேப்ல கூட்டம்மா. ஆவணி மாசம்ல."

இன்னொரு நாள் கரண்ட் இல்லை என்றார். இன்னொரு நாள் நல்ல பேப்பர் வரவில்லை என்றார். பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாவித்ரி பின்னால் போனால் திரையை மாற்றிவிடுவார். ஒரு தடவை மாற்றுவதற்குள் பார்த்துவிட்டாள். மணலும், யாருடையதோ மெட்டிபோட்ட காலும். அவர் கேமரா அந்த நேரத்தில் எடுத்திருந்தது அதுதான்.

அவர் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். தன்னிடம் இருப்பதைக் காட்டாமல் அவளும் இருந்தாள். ஒரே வீட்டில் ஒரே நொடியை இரண்டு பேரும் இரண்டு இடத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு, நெத்திலிக் குழம்பு நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரக் கடைசியில், மழை பிடிக்கப்போகிற ஒரு மத்தியானம், அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அங்காளம்மா கிட்ட ஒண்ணு கேக்கலாம்னு பாக்கறேன். பையனையும் பொண்ணையும் ஒரு நாள் இங்க வரச்சொல்லி, கல்யாணச் சேலையைக் கட்டிக்கிட்டு..."

"எதுக்கு?"

"ரெண்டு மூணு க்ளோசப். கயித்தை கழட்ட எல்லாம் வேணாம். அவன் கையைக் கழுத்துக்குப் பின்னால வெச்சுக்கிட்டா போதும். பின்னால கீத்து வெச்சுக்கலாம். தெரியாது."

சாவித்ரி அடுப்பை அணைத்தாள்.

"கட்டின தாலியை மறுபடியும் கட்டறாப்பல நடிக்கச் சொல்லப்போறீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"என்ன ஆச்சுன்னு மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

விமானம் ஒன்று வந்தது. அது போய், சத்தம் முழுதாக அடங்கும் வரைக்கும் அவர் நின்றார்.

"மேல வரல சாவித்ரி. கை மேல வரல."

அவள் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து போனை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

அவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவள் பின்னால் நின்றாள். முதலில் மகேஷின் விரல்களைப் பெரிதாக்கினார். பிறகு சேலையை. பிறகு ஓரங்களை. தன் முகம் இருந்த இடத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நிழல் பூரா புள்ளி அடிச்சிருக்கு பாரு. கீத்துக்குப் பின்னால வானம் வெளுத்துப்போச்சு. பட்டுல ஜரிகையே தனியா தெரியல, அப்பிட்டாப்பல இருக்கு. நம்ம கேமராவா இருந்தா இழை இழையா எண்ணலாம்."

"நம்ம கேமரா கீழ இருந்துச்சே."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு கூராக இருந்தது என்று தெரிந்தது. அவர் திரும்பவில்லை. ஜரிகையை விட்டு, தன் முகத்துக்கு வந்தார். அதைப் பெரிதாக்கினார்.

"இப்படியா நின்னேன்?"

அவள் அவருடைய வலது தோளைப் பார்த்தாள்.

"நீ எப்ப அழுத்தின?"

"மொத முடிச்சுல."

"அது எடுத்தது ரெண்டாவதுல. லேட்டு." ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரி தலையாட்டினார். "அப்பவே எடுத்திருந்தா எங்கையி இன்னும் மேல போயிட்டுதான் இருந்திருக்கும். நல்லாத்தான் தெரிஞ்சிருப்பேன்."

வேண்டாதவர்களைப் போட்டோவிலிருந்து எடுத்துவிடுவது அவர் வழக்கமாகச் செய்கிற வேலை. கொட்டாவி விடும் சித்தப்பா, குறுக்கே போன சமையல்காரர், பிறகு சண்டைபோட்டுப் பிரிந்த பங்காளி என்று பலரை எடுத்திருக்கிறார். மழை பெய்து ஓய்ந்தபோது சாவித்ரியைக் கூப்பிட்டார். கம்பம் இருந்தது. கம்பத்தை ஒட்டி யாருமில்லை. கீற்றும், கீற்றின் இடுக்கில் ஒரு துண்டுக் கடலும் இருந்தன. மகேஷின் முழங்கை ஓரம்கூடப் பிசிறில்லாமல் இருந்தது.

"எப்படி?"

"நல்லா இருக்கு," என்றாள். நன்றாகத்தான் இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தர் மேல் கீற்றைப் போட்டு மூடின மாதிரியும் இருந்தது.

"நான் எடுத்ததுன்னே இருக்கட்டும். என்ன சொல்ற?"

"இருக்கட்டும்."

மறுநாள் காலை அங்காளம்மாள் கூடையை இறக்கியதும், கேட்பதற்கு முன்பே ஏகநாதன் பெரிய அளவில் போட்ட பிரிண்டைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஓரத்தில் பிடித்து வாங்கினாள்.

"சோக்கா கீதுண்ணா," என்றாள். "எம்மருமவளப் பாரேன், அம்மன் செலையாட்டம்." பிறகு கையைத் தள்ளிவைத்துப் பார்த்தாள். "ஆமா, நீ இங்கதான நின்னுகினு இருந்த? இந்தக் கம்பத்தாண்ட?"

ஏகநாதன் பிரிண்டில் கம்பம் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நான் உன்னியேதாண்ணா பாத்துகினு இருந்தேன். கேமராவத் தூக்குற, தூக்குற, வரமாட்டேங்குது. மோளக்காரன் வேற வுடாம அடிக்கிறான். நிறுத்துடான்னு கத்தலாம்னு பாத்தேன், நல்ல நேரத்துல இன்னாத்துக்குன்னு வுட்டேன்."

"தெரிஞ்சுதான் தினமும் ஆல்பம் ஆல்பம்னு கேட்டியா?" என்றாள் சாவித்ரி.

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்க்கா. லேபுன்றாரு, கரண்டுன்றாரு, பேப்பருன்றாரு. எனக்குக் கோவமே வர்லன்னு நெனச்சிக்காத. ஆம்பளப் புள்ள ஒண்ணுதான், அவனுக்கு ஒரே கண்ணாலம். வூட்ல போயி அழுதேன்." பிரிண்டைத் தட்டினாள். "அப்ப இத்த யாரு புடிச்சது?"

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து திரும்பிப் போயிற்று.

"இவதான்," என்றார் ஏகநாதன்.

"நீயாக்கா! அந்த டார்ச்சிலயா?"

"அதுலதான்."

"நான் அதுல நின்னுக்கிட்டு இருந்தேம்மா," என்றார் அவர். "அதுலேர்ந்து என்னை எடுத்துட்டேன். மூஞ்சி நல்லா இல்ல."

"காட்டு."

அவர் சாவித்ரியைப் பார்த்தார். அவள் போனை எடுத்துக் கொடுத்தாள். அங்காளம்மாள் படியில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மீனை ஈ மொய்க்க ஆரம்பித்தது, அவள் விரட்டவில்லை.

"வலிச்சிச்சாண்ணா?"

"வலிச்சுது," என்றார் ஏகநாதன். "இப்பவும் வலிக்குது."

சாவித்ரி கேட்டபோதெல்லாம் சொல்லாததை வாசலில் நின்று மீன்காரியிடம் சொன்னார். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது. சொன்னாரே என்பதும் இருந்தது.

"இத்தையே போடு," என்றாள் அங்காளம்மாள். "அன்னிக்கு அங்க நின்னவங்கதான அதுல இருக்கணும்? எம்புருசன்தான் இல்ல, அவுர எங்கேந்து கொண்டாறது. நீ நின்னுகினுதான இருந்த, உன்னிய எதுக்குத் தொடச்சி வெக்கிற?" எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "அக்கா, நீ மொதல்ல இவர இட்டுகினு போயி கைய காட்டு. சங்கரா நல்லா கீது, கொழம்புக்குப் போடட்டா?"

குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் தோள் உறைந்துவிட்டது என்றார்கள். ஆப்பரேஷன் வேண்டாம், பயிற்சி செய்ய வேண்டும், மெதுவாகத்தான் சரியாகும், கனம் தூக்கக்கூடாது. ஏகநாதன் ஸ்டூடியோவின் நீலத் திரைக்குப் பக்கத்துச் சுவரில் வலது கை விரல்களை நடத்தி நடத்திக் கையை மேலே ஏற்றிப் பழகினார். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டார். சில வாரம் கோடு ஏறவே இல்லை. அந்த வாரங்களில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். வந்த கல்யாணங்களில் சிலதை வேண்டாமென்றார், சிலவற்றுக்குப் பெரிய கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்திவைத்து எடுத்தார். கூட்டத்துக்குள் சாவித்ரி போனாள். திரும்பி வந்ததும் இருவர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். துல்லியத்தில் அவருடையதுதான் மேல். அவள் அதை ஒருநாளும் மறுக்கவில்லை. அவளுடைய படங்களில் புள்ளி விழுந்திருக்கும், சிலது அசைந்திருக்கும், சில சமயம் நடு விசேஷத்தில் பேட்டரி செத்துப்போயிருக்கும். ஆனால் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய விரல் சில இடங்களில் அவள் படத்தின் மேல் போய் நின்றது. காரணம் சொல்லமாட்டார். "இது இருக்கட்டும்" என்பார், அவ்வளவுதான்.

அடுத்த ஆனியில் சத்யப்ரியாவுக்கு வளைகாப்பு. இருவரையும் அங்காளம்மாள் கூப்பிட்டிருந்தாள். வீடு சின்னது. பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். புளியோதரையும் எலுமிச்சம் சாதமும் வாசலில் அண்டா அண்டாவாக இருந்தன. ஸ்டாண்ட் வைக்க இடமில்லாததால் ஏகநாதன் பெரிய கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, வெளியே சன்னலோரம் மகேஷோடு உட்கார்ந்து, படகு எஞ்சின் ரிப்பேரானதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். சன்னல் வழியாக அவருடைய முதுகு தெரிந்தது.

வளையல் அடுக்கி முடிந்ததும் கல்யாண ஆல்பம் கைமாறியது. மகேஷின் பெரியம்மா ஒருத்தி, கல்யாணத்துக்கு வர முடியாதவள், மடியில் வைத்துப் புரட்டினாள். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

"இன்னாடி அங்கா, தாலி கட்ற நேரத்துல நடுவுல ஒருத்தர் அழுவுறாப்பல நிக்கிறாரு? உங்க சம்பந்தி வூட்டு ஆளா?"

"சொந்தம்லாம் இல்ல. போட்டோகாரரு."

"போட்டோகாரரா? போட்டோகாரரு போட்டோக்குள்ள நின்னுகினா, அப்ப இத்த யாருடி புடிச்சது?"

பெண்கள் சிரித்தார்கள். அங்காளம்மாள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், சன்னலுக்கு வெளியே ஏகநாதன் பேச்சை நிறுத்தியிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எஞ்சம்சாரம்மா," என்று அங்கிருந்தே சொன்னார். "பேரு சாவித்ரி."